வெளியூர் வேலைக்குப் புதுப் பையனைக் கூட்டி வந்திருக்கிறேன், 2ஆம் நாளே சிக்கல். என்ன செய்யலாம்?

நூல்முடிச்சு | திங்கள், இரவு 10.50

வணக்கம். கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மெஷின் சர்வீஸில் 17 வருடமாக இருக்கிறேன். இப்போது குஜராத்தில் ராஜ்கோட் பக்கம் ஒரு மில்லில் 3 புது ரிங் ஃப்ரேமை (நூல் நூற்கும் மெஷின்) ஓட்டிக் கொடுக்க வந்திருக்கிறேன். 12 நாள் வேலை. கூட ஒரு பையன். வயது 21, டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து 5 மாதம். தமிழ்நாட்டைத் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை.

உடுமலை, பல்லடம் பக்க மில்களுக்கு எத்தனையோ புதுப் பையன்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே தப்பு நடந்தால் மறுநாள் ஒரு போன் போட்டுச் சரிக்கட்டிவிடலாம், ராத்திரி அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே 24 மணி நேரமும் ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேஜை.

நேற்று 2ஆவது ஃப்ரேமில் டிரைவ் (மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் யூனிட்) ட்ரிப் ஆகி நின்றுகொண்டே இருந்தது. நான் பேனலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். மெயின்டனன்ஸ் மேனேஜர் டெய்லி ரிப்போர்ட்டில் கையெழுத்து வேண்டும் என்று ஆள் அனுப்பினார். "நீ போய்ப் போட்டுட்டு வா" என்று பையனை அனுப்பினேன். சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், நான் எழுதியிருந்த வேலை விவரத்துக்குக் கீழே மேனேஜர் கையால் இங்கிலீஷில் ஒரு வரி: ரன்னிங்-இன் (புது மெஷின் ஓடிப் பழகும் காலம்) முடியும் வரை 3 மெஷினுக்கும் டிராவலர் முழுவதும் மெஷின் கம்பெனி, அதாவது நாங்கள், இலவசமாகத் தரும். அதற்குக் கீழே பையனுடைய கையெழுத்து.

மில் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிராவலர் என்பது ரிங் மேல் ஓடுகிற குட்டி வளைவுக் கம்பி, நகம் அளவுதான் இருக்கும். ஆனால் இங்கே ஒரு ஃப்ரேமில் 1,200 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), அப்படியென்றால் 1,200 டிராவலர். ரிங் புதிது என்றால் ஆரம்பத்தில் சீக்கிரம் சீக்கிரமாக மாற்ற வேண்டும். தேய்கிற பொருள், வாரண்டியில் வராது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மில் ஃபிட்டர்கள் 4 பேர் நிற்கும்போதே சத்தம் போட்டுவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிட வரவில்லை. இன்றைக்கு வேலைக்கு வந்தான், சொன்னதை மட்டும் செய்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. இன்னும் 9 நாள் இருக்கிறது. ஆபீஸுக்கு இன்னும் சொல்லவில்லை. இவனைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_ஃபிட்டர் | திங்கள், இரவு 11.15

அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் பாய்லர் வேலை. எங்கள் சைட்டில் தெரியாமல் ஒரு வால்வைத் தொட்டால் உயிர் போகும். 5 மாதப் பையனை 12 நாள் வேலைக்கு அனுப்பிய உங்கள் ஆபீஸ் மேல்தான் முதல் தப்பு. சீனியர் தன் வேலையைப் பார்ப்பாரா, பையனைப் பார்ப்பாரா?

கையெழுத்து சாதாரண விஷயம் இல்லை. 6 மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைப் பிடிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பம்ப்_சேல்ஸ் | திங்கள், இரவு 11.40

ஃபிட்டர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தத் தாள் ஆபத்து. ஆனால் பையனை அனுப்பிவிட்டால் தாள் மாறாது.

நாளைக்குக் காலையில் மெஷின் பக்கம் போவதற்கு முன்னால் மேனேஜர் கேபினுக்குப் போங்கள். எழுத்தில் ஒரு விளக்கம் கொடுங்கள்: இந்த வரி எங்களுடைய ஆர்டர் நிபந்தனையில் இல்லை, வாரண்டி பற்றி முடிவு சொல்லும் அதிகாரம் சைட்டில் இருக்கும் எங்கள் இருவருக்கும் கிடையாது, ஹெட் ஆபீஸ்தான் சொல்ல வேண்டும். அதே கையோடு உங்கள் ஆபீஸுக்கும் மெயில். ஒரு நாள் தள்ளினால் நீங்கள் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"அவன் சின்னப் பையன், தெரியாமப் போட்டுட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கெஞ்சுவது போல இருக்கும், அதற்கப்புறம் மீதி நாள் முழுக்க அந்தப் பையன் பேச்சை அங்கே ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அனுப்பியது நான் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. கஸ்டமர் முன்னால் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று கிளம்பும் முன் அவனிடம் சொன்னீர்களா? நான் ஆள் கூட்டிப் போனால் ரயிலிலேயே 3 விஷயம் சொல்லிவிடுவேன். விலை, வாரண்டி, டெலிவரி தேதி இந்த மூன்றைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாதே. வேறு கஸ்டமரிடம் நடந்த பிரச்சினையை இங்கே சொல்லாதே. என்னைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. இரண்டாவதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். உதவியாக இருக்கட்டும் என்று "இதே கம்ப்ளெயின்ட் அந்தக் கம்பெனியிலும் வந்துச்சு சார்" என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர் அடுத்த நிமிடமே அந்தக் கம்பெனிக்குப் போன் போடுவார்.

முதல்_ட்ரிப் | செவ்வாய், காலை 6.20

அண்ணா, நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன். 2 வருடத்துக்கு முன்னால் லூதியானாவுக்கு ஒரு சீனியரோடு போனேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இந்தி சுத்தமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். யார் எது கேட்டாலும் "ஹாஞ்சி" (ஆமாங்க). ஹோட்டலில் அது போதும், டீக்கடையில் அது போதும். அதைச் சொன்னால் எல்லோரும் சிரித்தார்கள், வேலை நடந்தது. அப்படியே பழகிவிட்டது.

அவனுக்கு இந்தி தெரியுமா என்று கேட்டீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனிடம் காசு இருக்கிறதா? என் கம்பெனியில் பேட்டா எல்லாம் திரும்பி வந்து வவுச்சர் போட்டால்தான். நான் 1,500 ரூபாயோடு கிளம்பினேன். 4ஆம் நாள் 90 ரூபாய் இருந்தது. "பசிக்கலை சார்" என்று சொல்லி 2 ராத்திரி ரூமில் பிஸ்கெட் தின்றேன். சீனியர் நல்லவர்தான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிட வராததற்கு உங்கள் திட்டு மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள்.

நூல்முடிச்சு | செவ்வாய், காலை 7.05

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுமே எனக்குத் தெரியாது. இந்தி பற்றி நான் கேட்கவே இல்லை. எனக்கு 17 வருடத்தில் பழகிவிட்டது, அவனும் சமாளிப்பான் என்று விட்டுவிட்டேன். காசும் கேட்கவில்லை. ஹோட்டல் பில் நான் கொடுக்கிறேன், மதியச் சாப்பாடு மில் கேன்டீன். ராத்திரிச் சாப்பாடு அவரவர் காசில்.

சேல்ஸ் அண்ணா சொன்னபடி 9 மணிக்கு மேனேஜரைப் பார்க்கிறேன். ராத்திரி வந்து எழுதுகிறேன்.

ஆடிட்_அக்கா | செவ்வாய், காலை 9.30

நான் ஆடிட் ஆபீஸில் இருக்கிறேன். மார்ச் 31 ஸ்டாக் எண்ணிக்கைக்கு வருடா வருடம் ஆர்ட்டிக்கிள் பசங்களை (சிஏ பயிற்சியில் இருப்பவர்கள்) வெளியூர் கூட்டிப் போகிறேன். எல்லோருக்கும் 19, 20 வயது. அதனால் சொல்லத் தோன்றுகிறது.

ஒரே அறை என்று எழுதியிருக்கிறீர்கள். 12 நாளும் வேலையிலும் சீனியர், அறையிலும் சீனியர் என்றால் அந்தப் பையன் மூச்சு விடுவது எப்போது? வீட்டுக்குப் போன் பேசி அழக்கூட இடம் இல்லை. முடிந்தால் தனி அறை கேளுங்கள். முடியாவிட்டால் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே நடக்கப் போங்கள், அறையை அவனுக்கு விடுங்கள். ராத்திரி 10 மணிக்குமேல் வேலைப் பேச்சு வேண்டாம்.

இந்த இழையைப் படிக்கிற மற்ற சீனியர்களுக்கும் ஒன்று. கூட வருவது பெண் பிள்ளை என்றால் தனி அறை என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். செலவு என்று எந்த முதலாளி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இல் வந்தது, வேலை நிமித்தமாகப் போகிற எந்த இடத்தையும் பணியிடம் என்றுதான் சொல்கிறது. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் அதில் சேரும். ராத்திரி 9 மணிக்கு "ரூமுக்கு வா, ரிப்போர்ட்டை முடிச்சுடலாம்" என்று கூப்பிடுகிற வழக்கத்தை நான் இருக்கிற இடத்தில் அடியோடு நிறுத்திவிட்டேன். லாபியில் உட்கார்ந்து முடிக்கலாம், இல்லாவிட்டால் காலையில் செய்யலாம். வீட்டாருக்கு ஹோட்டல் பெயர், அறை எண், என் நம்பர் மூன்றும் முதல் நாளே போய்விடும். பையன்கள் வீட்டுக்கும் அப்படித்தான். அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்கினால் பிள்ளைகள் வேலை செய்வார்கள்.

நூல்முடிச்சு சார், நீங்கள் குஜராத்தில் இருக்கிறீர்கள். அங்கே மதுவிலக்கு என்பதை அந்தப் பையனிடம் வாயால் சொல்லுங்கள். அவனுக்குப் பழக்கம் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. மில் டிரைவரோ வேறு யாரோ "கிடைக்கும், வா" என்று கூப்பிட்டால் அது போலீஸ் கேஸ் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

பேட்டா_வவுச்சர் | செவ்வாய், மதியம் 1.10

நான் அக்கவுன்ட்ஸ். முதல்_ட்ரிப் தம்பி எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எங்களைப் போன்றவர்கள்தான். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அட்வான்ஸ் ஃபார்மில் டிபார்ட்மென்ட் சீனியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அன்றைக்கே பணம் போட்டுவிடுவோம். புதுப் பசங்களுக்கு அப்படி ஒரு ஃபார்ம் இருப்பதே தெரியாது. சீனியர்கள் கார்டில் செலவு செய்து பழகியவர்கள், அவர்களுக்கு அது ஞாபகமே வராது.

கிளம்பும் முன்னால் 5 நிமிடம் ஒதுக்கி இதையும் சொல்லிக்கொடுங்கள்: ஹோட்டல் பில் கம்பெனி பெயரில் வாங்க வேண்டும், விமான டிக்கெட் போடும்போது கம்பெனி ஜிஎஸ்டி எண் கொடுக்க வேண்டும், ஆட்டோவுக்குப் பில் வராது அதனால் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று அன்றன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். 12 நாள் கழித்து உட்கார்ந்து யோசித்தால் வராது. பாதியை விட்டுவிட்டுக் கைக்காசை இழப்பது எப்போதும் புதுப் பசங்கள்தான். 30 ரூபாய் 40 ரூபாய் எழுதினால் கேவலமாக நினைப்பார்கள் என்று பயந்து எழுத மாட்டார்கள். எழுதச் சொல்லுங்கள்.

நூல்முடிச்சு | செவ்வாய், இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மில்லுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி டீக்கடையில் உட்கார்ந்தோம். இங்கே டீ சின்ன கப்பில், நிறைய இஞ்சி போட்டுத் தருவார்கள். "ஞாயிற்றுக்கிழமை கேபின்ல என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். மேனேஜர் இந்தியில் நீளமாகப் பேசினார், நடுவில் என் பெயர் இரண்டு தடவை வந்தது. ஆகவே நான் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயம், அதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தான். அவர் சிரித்துக்கொண்டே "டீக் ஹை?" (சரிதானே?) என்று கேட்டார், இவன் "ஹாஞ்சி" என்றான். எழுதிய வரியைப் படித்தான், இலவசம் என்பதும் புரிந்தது. "நீங்க பேசி முடிச்சதை நான் போய்க் கேள்வி கேட்டா நல்லா இருக்காதுன்னு போட்டுட்டேன் சார்" என்றான்.

இதற்கு நான் என்ன சொல்ல? அவன் என்மேல் வைத்த மரியாதையில் போட்ட கையெழுத்து அது. அதற்குத்தான் 4 பேர் முன்னால் திட்டினேன்.

காசு விஷயமும் தம்பி சொன்னது போலத்தான். கையில் 260 ரூபாய் வைத்திருந்தான். உடனே 3,000 அனுப்பினேன், கம்பெனி அட்வான்ஸ் வந்ததும் கழித்துக்கொள்ளலாம் என்றேன்.

9 மணிக்கு மேனேஜர் கேபினுக்குப் போனேன், அவனையும் கூட்டிக்கொண்டு. அனுப்பியது நான், வாரண்டியில் பேசும் அதிகாரம் எனக்கே கிடையாது என்று கடிதத்தை வைத்தேன். அவர் முதலில் ஏற்கவில்லை, கையெழுத்து இருக்கிறதே என்றார். அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் ஆர்டரில் இருப்பது முதல் செட் மட்டும் என்று ஹெட் ஆபீஸ் போனில் சொன்னது, அவரும் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆபீஸில் நன்றாகவே திட்டு விழுந்தது. பையன் பெயரை நான் சொல்லவில்லை.

அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

பம்ப்_சேல்ஸ் | புதன், காலை 7.40

நல்லது. "ஸர் ஸே பூச்கே பதாவூங்கா" என்று ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்துவிடுங்கள். சாரைக் கேட்டுச் சொல்கிறேன். இந்தியில் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வடக்கே ஒரு மாதம் தள்ளலாம்.

மலைக்கோட்டை_ஃபிட்டர் | புதன், காலை 8.15

நான் அனுப்பிவிடச் சொன்னேன், நீங்கள் செய்ததுதான் சரி. ஆனால் ஒன்றை விடாதீர்கள். பேனல் பக்கம் அவனைத் தனியாக விடாதீர்கள். மனசு சரியில்லாத பையன் கை தடுமாறும்.

நூல்முடிச்சு | புதன், காலை 8.30

உண்மை அண்ணா. டிரைவில் மெயின் ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மூடியில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அப்புறம் மீட்டர் வைத்துப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் கை. நேற்று அவனை நேரம் பார்க்கச் சொன்னேன். நான் மூடியைத் தொடப் போனபோது "இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்தினான்.

ஆடிட்_அக்கா | புதன், காலை 10.00

அவனுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை என்றால் 12 நாள் போனதே தெரியாமல் திரும்பி வருவான். சின்னதாக இருந்தாலும் முழுக்க அவனுடையதாக ஒரு வேலை வேண்டும். என் பசங்களிடம் ஒரு குடோனையே கொடுத்துவிடுவேன். எண்ணிக்கை தப்பினால் திரும்ப எண்ண வேண்டியதும் அவர்கள்தான்.

நூல்முடிச்சு | சனி, இரவு 10.10

அக்கா சொன்ன பிறகு 3ஆவது ஃப்ரேமின் இடது பக்கம் முழுவதும் ஸ்பிண்டில் கேஜிங் அவனிடம் கொடுத்தேன். ரிங்குக்கு நடுவில் ஸ்பிண்டில் சரியாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக கேஜ் போட்டுப் பார்க்கிற வேலை. ஒரு பக்கம் 600. முதல் நாள் 70 தான் முடித்தான். நான் சரிபார்த்ததில் 11ஐத் திரும்பச் செய்யச் சொன்னேன். இந்தத் தடவை ஃபிட்டர்கள் டீக்குப் போன நேரமாகப் பார்த்துச் சொன்னேன். இரண்டாம் நாள் 180, திரும்பச் செய்தது 4. எல்லாம் நல்லபடி என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை கேஜை மெஷின் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான், தேடி எடுக்க ஒரு மணி நேரம் போனது.

கூடவே ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். டிபார்ட்மென்டில் ஈரப்பதம் பார்க்க வைத்திருக்கும் வெட் பல்ப், டிரை பல்ப் தெர்மாமீட்டர் இரண்டையும் காலை, மதியம், மாலை நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். 1ஆவது ஃப்ரேமில் 2 நாளாக மதிய ஷிஃப்டில் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நான் ஸ்பிண்டில், டிராப்டிங் (பஞ்சு இழையை இழுத்து மெலிதாக்கும் பகுதி) என்று தேடிக்கொண்டிருந்தேன். நேற்று அவன் நோட்டைப் புரட்டினேன். காலையில் ஈரப்பதம் 56, 57. மதியம் 3 மணிக்கு 45, 44. ரிங் ஃப்ரேமுக்கு 55க்குக் கீழே போனாலே தொல்லை ஆரம்பிக்கும். இங்கே இப்போது குளிர்காலம், வெளிக்காற்று வறண்டு கிடக்கிறது. ரோவிங் பாபின் (நூலாக்க வேண்டிய பஞ்சு இழை சுற்றியது) வண்டி வருவதற்காக மதியம் ஷட்டரைத் திறந்தே போட்டிருந்தார்கள். மூடச் சொன்னோம். இன்றைக்கு மதியம் அறுப்பு பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

அந்த நோட்டை மேனேஜரிடம் அவனையே காட்டச் சொன்னேன். இந்தி வராது, எண்களைத் தொட்டுக் காட்டினான். அவர் தன் ஆளைக் கூப்பிட்டு இதே மாதிரி தினமும் எழுதச் சொன்னார்.

பேட்டா_வவுச்சர் | சனி, இரவு 10.40

நோட்டில் ஆட்டோக் காசும் எழுதுகிறானா?

நூல்முடிச்சு | சனி, இரவு 10.45

கடைசிப் பக்கத்தில் எழுதுகிறான். 20 ரூபாய் டீ வரை இருக்கிறது.

முதல்_ட்ரிப் | ஞாயிறு, காலை 7.00

அண்ணா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஃபிட்டர்கள் முன்னால் திட்டினீர்களே, அதைப் பற்றி அவனிடம் ஏதாவது சொன்னீர்களா? எனக்கு லூதியானாவில் நடந்தது இன்னும் மறக்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

நூல்முடிச்சு | ஞாயிறு, இரவு 9.30

சொல்லிவிட்டேன் தம்பி. டீக்கடையிலேயே சொன்னேன், ஆனால் அது எங்கள் இருவருக்குள். திட்டியது 4 பேர் முன்னால் அல்லவா? அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று காலையில் அதே 4 ஃபிட்டர்களும் 3ஆவது ஃப்ரேம் பக்கம் இருந்தார்கள். அன்றைக்குத் தப்பு என்னுடையது, இவனுக்கு விஷயத்தைச் சொல்லாமல் அனுப்பியது நான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர்களில் மூத்தவருக்கு 55 வயது இருக்கும், தலை முழுக்கப் பஞ்சு. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் டப்பாவைத் திறந்து ரோட்லாவும் (இந்த ஊர் ரொட்டி) வெல்லமும் எடுத்து முதலில் பையனிடம் நீட்டினார்.

நான் என்ன பேசினேன் என்று பையனுக்குப் புரியவில்லை. மத்தியானம் என்னிடம் வந்து "சார், காலையில அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் கேஜைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான். அப்புறம், "இன்னும் 140 ஸ்பிண்டில் இருக்கு சார், நாளைக்குள்ள முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.